பழநி நடையில கெட்ட கால், முப்பது சிட்டிங் ஆக்சிஜன்: ஒரு கேஸ் முழுசா

இது எங்க பெரியப்பச்சியோட, அதாவது பெரியப்பாவோட, எடது கால் கதை. அவுக சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதுறேன், பேரும் ஊரும் மட்டும் வேணாம்டான்னு சொல்லிட்டாக, அதனால காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு நகரத்தார் ஊருன்னு வச்சுக்கங்க. நான் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில ஹைப்பர்பேரிக் சேம்பர், அதாவது ஆளை உள்ள படுக்க வச்சு அதிக அழுத்தத்துல ஆக்சிஜன் கொடுக்குற மிஷின், ஓட்டுற டெக்னீஷியன், ஒம்பது வருஷம் ஆச்சு. எத்தனையோ காலு பாத்தாச்சு, ஆனா இந்தக் காலை மட்டும் ஆரம்பத்துல இருந்து எழுதி வைக்கணும்னு தோணுச்சு, ஏன்னா ஒரே காலுக்கு ரெண்டு தடவை ஆக்சிஜன் சேம்பர் கொடுத்திருக்கு. முதத் தடவை 12 சிட்டிங், ஒரு பிரயோஜனமும் இல்ல, விரல் கறுத்துப் போச்சு. ரெண்டாந் தடவை 30 சிட்டிங், புண்ணு மூடி இன்னிக்கு நடக்குறாக. மிஷின் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், பிரஷரும் ஒண்ணுதான். நடுவுல என்ன மாறுச்சுங்கறதைத்தான் சொல்லப் போறேன்.

கால்ல பட்டது எப்பன்னே தெரியல

பெரியப்பச்சிக்கு வயசு 61, சுகர் வந்து 17 வருஷம். மாத்திரை ஒழுங்கா போடுவாக, ஆனா டெஸ்ட் எடுக்கப் போக மாட்டாக. அவுக ஐயா பர்மாவுல கடை வச்சிருந்த கதையெல்லாம் வருஷத்தோட சொல்லுவாக, கடைசியா எப்ப எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர் டெஸ்ட்) பாத்தீகன்னு கேட்டா பதில் வராது.

தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து காவடி கெளம்பிப் பழநிக்கு நடக்குறது எங்க ஆளுகளுக்குத் தலைமுறை தலைமுறையா உள்ள வழக்கம், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு நாள்கணக்கா நடை, அதுவும் வெறுங்கால்ல. பெரியப்பச்சி 22 வருஷம் விடாம நடந்தவுக. அந்த வருஷமும் நடந்து சாமி பாத்துட்டு நல்லபடியா வீடு வந்து சேந்தாக, கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. கூட நடந்தவுகல்லாம் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கிட்டு இருந்தப்ப இவுக மட்டும் எனக்கு ஒண்ணுமில்ல முருகன் புண்ணியம்னு சொல்லிருக்காக. அப்பவே யாராச்சும் ஒருத்தர் யோசிச்சிருக்கணும். அம்புட்டு தூரம் தார் ரோட்டுல வெறுங்கால்ல நடந்த சுகர்காரருக்கு வலியே இல்லைன்னா அது கால் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல, நரம்பு செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

கண்டுபிடிச்சது அவுக சம்சாரம், எங்க பெரியாத்தாதான். ஊருக்கு வந்த மறுநா காலையில கெணத்தடியில குளிச்சுட்டு ஈரக் காலோட பட்டாலைய, அதான் வீட்டுக் கூடத்த, தாண்டி உள்ள போயிருக்காக, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை, பின்னாடியே தொடைக்கத் துணியோட வந்த பெரியாத்தா அப்பிடியே நின்னுட்டாக. எடது காலு சுவடு ஒவ்வொண்ணுலயும் கட்டை வெரலுக்கு கீழ, அச்சடிச்ச மாதிரி அதே எடத்துல, மஞ்சளா ஒரு பொட்டு. ஏழெட்டு சுவடு, ஏழெட்டு பொட்டு. என்னங்க கால்ல என்ன பட்டுச்சுன்னு கேட்டதுக்கு ஒண்ணும் படலையேன்னு உள்ள இருந்து பதில். உக்கார வச்சுத் திருப்பிப் பாத்தா கட்டை வெரல் மேட்டுல அம்பது பைசா அகலத்துக்குக் கொப்புளம் ஒடஞ்சு உள்ள குழி விழுந்து கெடக்கு.

வேலூர் சிஎம்சியில டாக்டர் பால் பிராண்ட் 1940கள்ல இருந்து தொழுநோய்க்காரங்க கையையும் காலையும் பாத்துச் சொன்னதும் இதேதான். வெரல் அழுகி விழுறது நோய்க்கிருமி நேராத் தின்னு இல்ல, வலி தெரியாம அதே புண்ணு மேல திரும்பத் திரும்ப நடந்து நடந்துதான் கால் போகுதுன்னு காட்டுனவரு அவரு. சுகர் காலுக்கும் அதே கணக்குதான். நல்ல காலா இருந்தா முள்ளு குத்துனா நம்மளே நொண்டுவோம், அந்த நொண்டல்தான் புண்ண ஆத்துது. பெரியப்பச்சி நொண்டவே இல்ல.

முதல் 12 சிட்டிங்

மொத ரெண்டு வாரம் வீட்டு வைத்தியம், மஞ்சளும் வேப்பெண்ணெயும். அப்பறம் உள்ளூர்ல டிரெஸ்ஸிங், ஆன்டிபயாட்டிக். புண்ணு மேல காஞ்ச மாதிரி இருக்கும், அமுக்குனா ஓரத்துல சீழ் வரும். அப்பத்தான் சொந்தக்காரர் ஒருத்தர், ஆக்சிஜன் டப்பாக்குள்ள படுத்தா வெட்டாம கால் பொழச்சுக்கும், எனக்குத் தெரிஞ்சவருக்கு ஆச்சுன்னு சொல்லி வெளியூர்ல ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. போறதுக்கு முந்தி பெரியாத்தா எனக்குப் போன் அடிச்சாக, தம்பி நீ இந்த வேலைதானே பாக்குற, போகலாமாப்பான்னு. நான் டியூட்டியில இருந்தேன், அவசரத்துல, நல்ல வைத்தியம்தான் ஆத்தா போங்கன்னு சொல்லிட்டேன். காலைப் பாக்கல, போட்டோ அனுப்புங்கன்னு கூடக் கேக்கல. இன்னைக்கும் அது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு.

அங்க 12 சிட்டிங் கொடுத்திருக்காங்க, 2.4 ஏடிஏ பிரஷர், அதாவது நம்மளச் சுத்தி இருக்குற சாதாரணக் காத்தழுத்தத்தப் போல 2.4 மடங்கு, அதுல குத்தம் சொல்ல முடியாது, கார்டுல எழுதியிருக்கு. ஆனா கால்ல நாடி இருக்கான்னு யாரும் தொட்டுப் பாக்கல, எலும்புல பட்டிருக்கான்னு பாக்கல, எக்ஸ்ரே இல்ல, சாதா செருப்போடயே நடந்து வந்து நடந்து போயிருக்காக. பன்னெண்டாவது நாள் கட்டை வெரல் நுனி நீலமாகிக் கறுக்க ஆரம்பிச்சதும் பெரியாத்தா பயந்து போயி வாடகைக் கார் புடிச்சு நேரா எங்ககிட்ட கூட்டிட்டு வந்துட்டாக.

எங்ககிட்ட வந்தப்ப

எச்பிஏ1சி 10.4. பாதத்துல 10 கிராம் நைலான் இழைய வச்சு அமுக்குற டெஸ்ட்ல ரெண்டு காலுலயும் ஒரு எடத்துலகூட உணர்ச்சி இல்ல. டாக்டர் மழுங்குன இரும்புக் கம்பிய புண்ணுக்குள்ள மெதுவா விட்டாரு, டக்குனு எலும்புல தட்டுச்சு, பக்கத்துல நின்ன எனக்கே அந்தச் சத்தம் கேட்டுச்சு, பெரியப்பச்சி அசையாம செவத்துக் காலண்டரப் பாத்துக்கிட்டு இருந்தாக. கம்பி எலும்பத் தொட்டா எலும்புக்குள்ள சீழ் போயிருக்க வாய்ப்பு நெறைய, எம்ஆர்ஐயில அது உறுதியாச்சு. சுகர் கால் புண்ணுக்குத் தரம் போடுற வாக்னர் கணக்குல எலும்புச் சீழுக்கு கிரேடு 3, வெரல் கறுப்பையும் சேத்தா 4.

அடுத்து ரத்த ஓட்டம். கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் வகுத்துப் பாக்குற ஏபிஐ 1.4 வந்துச்சு. இத மேலாப்ல பாக்குறவுக ஆகா ஒண்ணுக்கு மேல இருக்கே, ஓட்டம் பிரமாதம்னு நெனைப்பாங்க. அது ஏமாத்து நம்பர். ரொம்ப நாள் சுகர்ல கால் ரத்தக்குழாய் சுவருல சுண்ணாம்பு படிஞ்சு, நம்ம ஊரு பழைய வீட்டுச் செவரு மாதிரி இறுகிப் போயிரும், பட்டைய இறுக்கிக் கட்டுனாலும் குழாய் அமுங்காது, அதனால பிரஷர் பொய்யா ஏறிக் காட்டும். வெரல்ல தனியா பிரஷர் பாத்தா 30தான். அப்பறம் தோல் மேல சின்ன எலக்ட்ரோடு ஒட்டி, 44 டிகிரி வரைக்கும் சூடாக்கி, அந்த எடத்துத் தோலுக்கு எம்புட்டு ஆக்சிஜன் வந்து சேருதுன்னு பாக்குற டிசிபிஓ2 டெஸ்ட். 40க்குக் கீழ இருந்தாலே புண்ணு ஆறச் சிரமம். இவுகளுக்கு 16. முகத்துல மாஸ்க் வச்சு நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்துப் பாத்தோம், நல்ல காலா இருந்தா சரசரன்னு ஏறணும், 21ல நின்னுடுச்சு. அந்த 21தான் இந்தக் கேஸோட சாவின்னு நான் சொல்லுவேன். 12 நாள் சேம்பர்ல படுத்ததுக்குப் பலன் ஏன் இல்லைங்கறதுக்கு ஒரே நம்பர்ல பதில் அதுதான்.

அது ஏன்னு புரியணும்னா சேம்பருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்.

கோலி சோடாவும் ரத்தமும்

நாம சாதாரணமா மூச்சு விடுறப்ப ஆக்சிஜன் ஏறக்குறைய முழுக்க ஹீமோகுளோபின் மேல ஏறித்தான் போகுது. 100 மில்லி ரத்தத்துல 15 கிராம் ஹீமோகுளோபின்னு வச்சா ஒரு கிராமுக்கு 1.34 மில்லி வீதம் 20 மில்லி ஆக்சிஜன். ரத்தத்தோட தண்ணிப் பகுதியில, அதான் பிளாஸ்மாவுல, கரைஞ்சு போறது வெறும் 0.3 மில்லி. ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் ரொம்பித்தான் இருக்கும், அதுல மேற்கொண்டு ஏத்த எடமில்ல. அப்ப ஆக்சிஜன கூட்டணும்னா பிளாஸ்மாவுலதான் கரைக்கணும்.

அதுக்கு வழி கோலி சோடா வழிதான். பாட்டிலுக்குள்ள கேஸ அமுக்கி அடைச்சா தண்ணியில கரையுது, கோலிய அமுக்கித் திறந்தா பிரஷர் எறங்கிப் பொங்கி வெளிய வருது. எம்புட்டு அமுக்குறோமோ அம்புட்டு கரையும், 1803ல வில்லியம் ஹென்றி சொன்ன விதி இது. சேம்பர்ல நாம செய்யுறதும் இதுதான், ஆளை உள்ள படுக்க வச்சு சுத்தமான ஆக்சிஜனால பிரஷர 2.4 ஏடிஏக்கு ஏத்துறோம், கடல்ல 14 மீட்டர் ஆழத்துல இருக்குற அழுத்தம், கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவுகளுக்குத் தெரியும் அந்த அழுத்தம் காதுல என்ன பண்ணும்னு. அப்ப நுரையீரல் வழியா போற ரத்தத்துல ஹீமோகுளோபின் சொமக்குறது போக பிளாஸ்மாவுலயே 100 மில்லிக்கு 4 மில்லிக்கு மேல கரையுது, 3 ஏடிஏன்னா 6 மில்லி வரைக்கும். சும்மா படுத்திருக்குற ஒடம்பு 100 மில்லி ரத்தத்துல இருந்து எடுத்துக்கறதே 5, 6 மில்லிதான். ஆம்ஸ்டர்டாம்ல போரெமான்னு ஒரு சர்ஜன் பன்னிகளோட ரத்தத்தக் கிட்டத்தட்ட முழுசா எடுத்துட்டு பிளாஸ்மா மாதிரி திரவத்த ஏத்தி, 3 ஏடிஏ ஆக்சிஜன்ல உயிரோட வச்சிருந்து 1960ல எழுதுனாரு, ரத்தமில்லா உயிருன்னே அதுக்குத் தலைப்பு.

இப்பிடிக் கரைஞ்ச ஆக்சிஜன் மெல்லிய குழாய்ல இருந்து சதைக்குள்ள வழக்கத்தவிட அதிக தூரம் ஊறிப் போகும். அது போயி என்ன செய்யும்னா, மொதல்ல வெள்ளையணுக்கு ஆயுதம். வெள்ளையணு முழுங்குனா மட்டும் கிருமி சாகாது, ஆக்சிஜன வச்சு உள்ள ஒரு விஷத்தத் தயாரிச்சுத்தான் கொல்லும், ஆக்சிஜன் இல்லாத சதையில அது முழுங்கிட்டு சும்மா இருக்கும். ரெண்டாவது கொலாஜன், புண்ணுக்குச் சாரம் கட்டுற நார், அத முறுக்கி இறுக்குற என்சைமுக்கு ஆக்சிஜன் வேணும். மூணாவது புதுக் குழாய் மொளைக்கிறது, இதுதான் மெதுவா நடக்கும், ரேடியேஷன் பட்ட சதையில பாத்தப்ப ஏழெட்டு சிட்டிங்குக்கு அப்பறம் ஆரம்பிச்சு இருபது வாக்குல ஒரு மட்டத்துக்கு வந்து நின்னிருக்கு. அதனாலதான் 20, 30, 40ன்னு சிட்டிங் கணக்கு, யாரோ வாய்க்கு வந்த நம்பர் இல்ல.

ஆனா எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணு இருக்கு. கரைஞ்ச ஆக்சிஜனோட அந்த ரத்தம் புண்ணு வரைக்கும் போயிச் சேரணும். நம்ம ஊருல எத்தன ஊருணி பாத்திருப்போம், மழை எம்புட்டு பேஞ்சாலும் வரத்துக்கால் அடைச்சுக் கெடந்தா ஊருணிக்குத் தண்ணி வராது. பெரியப்பச்சிக்கு மேல மழை நல்லாவே பேஞ்சிருக்கு, நுரையீரல்ல, இதயத்துல, தொடையில எல்லாம் ஆக்சிஜன் நெறஞ்சிருக்கும். முழங்காலுக்குக் கீழ வரத்துக்கால் அடைப்பு. மாஸ்க்ல ஆக்சிஜன் கொடுத்தும் 16ல இருந்து 21க்குத்தான் போச்சுங்கறது அதத்தான் சொல்லுச்சு. இந்த டெஸ்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அத மொதல்லயே பாத்திருந்தா 12 நாள் மிச்சம், அந்த 12 நாள்ல வெரல் கறுத்ததும் மிச்சம்.

வரத்துக்கால் திறந்தது

ஆஞ்சியோகிராம்ல முழங்காலுக்குக் கீழ போற மூணு குழாய்ல ரெண்டு முழுசா அடைப்பு, ஒண்ணுல நூல் மாதிரி ஓட்டம். பலூன் வச்சு ஒரு குழாய நல்லபடியா திறந்தாங்க, இன்னொண்ணு முடியல. நாலு நாள் கழிச்சு ஆபரேஷன், கட்டை வெரலையும் சீழ் புடிச்ச எலும்பு நுனியையும் எடுத்துட்டாங்க. அந்த முடிவச் சொல்லப் பெரியப்பச்சிகிட்ட நான்தான் போனேன். ரொம்ப நேரம் பேசல. அப்பறம், பாதம் இருக்கும்ல, நடக்கலாம்லன்னு மட்டும் கேட்டாக. நடக்கலாம் பெரியப்பச்சி, அதுக்காகத்தான் வெரல எடுக்குறாகன்னேன். வெட்டாம காப்பாத்துறேன்னு சொல்லி நாள் கடத்துறதுல எனக்கு நம்பிக்கை கெடையாது, செத்த எலும்ப உள்ள வச்சுக்கிட்டு எந்த ஆக்சிஜனும் அத உயிர்ப்பிக்காது, வெரல விட்டுப் பாதத்தக் காப்பாத்துறதுதான் ஒழுங்கான கணக்கு.

ஆபரேஷன் முடிஞ்சப்ப புண்ணு 5.2க்கு 3.1 சென்டிமீட்டர், திறந்தேதான் விட்டிருந்தாங்க. டிசிபிஓ2 திரும்பப் பாத்தோம், 31. முன்னைக்கு ரெண்டு மடங்கு, ஆனா இன்னும் 40க்குக் கீழதான். சேம்பருக்குள்ள எலக்ட்ரோடோட படுக்க வச்சு 2.4 ஏடிஏல பாத்தா 268. உள்ள 200க்கு மேல ஏறுனா இந்தக் காலு ஆக்சிஜனுக்குப் பதில் சொல்லும்னு எதிர்பாக்கலாம். அன்னிக்குத்தான் எனக்கு மனசு லேசாச்சு. டாக்டர் 30 சிட்டிங் எழுதுனாரு, வாரத்துக்கு அஞ்சு நாள், ஒவ்வொண்ணும் 90 நிமிஷ ஆக்சிஜன், நடுவுல ரெண்டு தடவை அஞ்சஞ்சு நிமிஷம் மாஸ்க்ல சாதாக் காத்து.

அந்தச் சாதாக் காத்து எதுக்குன்னு கேட்டாக. இம்புட்டு பிரஷர்ல ஆக்சிஜன் மருந்து மட்டும் இல்ல, அளவு மீறுனா நஞ்சும்தான், மூளைக்கு வலிப்பு வரும், பிரெஞ்சுக்காரர் பால் பெர்ட் 1878லயே எழுதி வச்சுட்டாரு. நாங்க பயன்படுத்துற அளவுல அது ரொம்ப அபூர்வம், இருந்தாலும் மூளைக்கும் நுரையீரலுக்கும் ஓய்வு கொடுக்கத்தான் அந்த அஞ்சு நிமிஷம். படுக்க வைக்கிறதுக்கு முந்தியே நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ, காது செக்கப் முடிச்சாச்சு. நுரையீரல் சுருங்கி நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சிருந்தா அத வடிக்காம சேம்பருக்குள்ள விடவே கூடாது, பிரஷர் எறக்குறப்ப அந்தக் காத்து விரிஞ்சு உயிரையே எடுத்துரும்.

தீ, காது, சுகர், கண்ணு

எங்க சேம்பர் ஒரு ஆள் படுக்குற அக்ரிலிக் குழாய், உள்ள முழுக்க ஆக்சிஜன். அதுல சின்னப் பொறி விழுந்தா எரியுறதுக்கு நேரமே எடுக்காது. 1997ல இத்தாலி மிலான்ல ஒரு ஆஸ்பத்திரி சேம்பர்ல தீப்பிடிச்சு 11 பேரு செத்தாங்க, 2025 ஜனவரியில அமெரிக்காவுல மிஷிகன் மாநிலத்துல அஞ்சு வயசுப் பையன் சேம்பருக்குள்ளயே தீயில போயிட்டான். அதனால நான் யாரா இருந்தாலும் விட மாட்டேன், பெரியப்பச்சியா இருந்தாலும் மொத நாள் திருப்பி அனுப்பிட்டேன், தலையில தேங்காண்ணெய் வழிய வந்தாக, ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு வாங்கன்னு. வேட்டி வேணாம், அதுல நூல் கலப்படம் என்னன்னு தெரியாது, ஆஸ்பத்திரி காட்டன் உடுப்பு மட்டும். செல்போன், வாட்ச், காது மிஷின், தைலம், சென்ட் எதுவும் கூடாது, டிரெஸ்ஸிங்ல வாஸ்லின் கூடாது, கையில கிரவுண்டிங் பட்டை கட்டாம கதவ மூட மாட்டேன். கழுத்து ருத்ராட்சத்தக் கழட்டத்தான் ரொம்ப யோசிச்சாக. பெரியாத்தா கையில வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, சேம்பர் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு ரெண்டு மணி நேரமும் உக்காந்திருந்தாக, 30 நாளும்.

மூணாவது சிட்டிங்ல காது வலி. பிரஷர் ஏறுறப்ப எச்சில் முழுங்கணும், மூக்கப் புடிச்சு மெதுவா ஊதணும், சளி இருந்ததால வலது காது திறக்கல. கைய ஆட்டுனாக, நான் உடனே நிறுத்தி, கொஞ்சம் எறக்கி, மறுபடி பைய ஏத்துனேன். மறுநாள்ல இருந்து ஏத்துற நேரத்தையே 15 நிமிஷமா ஆக்கிட்டோம், அப்பறம் தொந்தரவு இல்ல. ஆறாவது நாள் சுகர். உள்ள போறப்ப 138, வெளிய வந்தப்ப 74, வேர்த்துக் கொட்டுது. சேம்பர்ல சுகர் எறங்கும், இன்சுலின் போடுற ஆளுக்கு இன்னும் சுதாரிப்பா இருக்கணும். அதுல இருந்து உள்ள போறதுக்கு முந்தி 150க்குக் கொறஞ்சா ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் கதவு.

இருபத்தி மூணாவது நாள் ரொம்பச் சந்தோஷமா வந்தாக. டேய், கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறேன்டா, ஆக்சிஜன் கண்ணையும் சரி பண்ணிருச்சுடான்னு. எனக்குச் சொல்லவே மனசு வரல. அது பக்கவிளைவு, கண்ணு லென்ஸ் கொஞ்சம் மாறித் தற்காலிகமா கிட்டப் பார்வை கூடும், அதனால கிட்டத்துல இருக்குறது தெளிவா தெரியும், தூரத்துல பஸ் போர்டு மங்கலாகும். புதுக் கண்ணாடி எதுவும் வாங்கிராதீக, ரெண்டு மூணு மாசத்துல பழைய மாதிரி ஆயிரும்னு சொன்னேன். அப்பிடியே ஆச்சு.

புண்ணு எப்பிடி ஆறுச்சு, எதனால ஆறுச்சு

பத்தாவது சிட்டிங்ல 4.6க்கு 2.7. அளவு பெருசா கொறையல, ஆனா நெறம் மாறிருச்சு, சாம்பலா கெடந்த அடிப்பகுதி மாதுளை முத்து மாதிரி செவந்து ஈரமா இருந்துச்சு, டிரெஸ்ஸிங் மாத்துறப்ப மொதத் தடவையா ரத்தம் கசிஞ்சுச்சு, நர்சம்மா அதப் பாத்துட்டு என்னயக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. இருபதாவதுல 3.0க்கு 1.6. முப்பதாவதுல 1.4க்கு 0.8. சேம்பர நிறுத்திட்டோம், டிரெஸ்ஸிங் மட்டும் தொடர்ந்துச்சு, ஆபரேஷன்ல இருந்து 14வது வாரம் முழுசா தோல் மூடிருச்சு. டிசிபிஓ2 46.

இப்ப நேர்மையா ஒண்ணு சொல்லணும். இது ஆக்சிஜனால மட்டும் ஆறுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா பொய். அந்த 14 வாரத்துல குழாய் திறந்தது, கெட்ட எலும்பு போச்சு, ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக், இன்சுலின் ஆரம்பிச்சு சுகர் எறங்குச்சு, பாதத்துக்குப் பாரம் வராம கட்டு போட்டு வாக்கர்ல நடந்தாக, வாராவாரம் செத்த சதைய வெட்டி எடுத்தாங்க. இதுல எத எடுத்தாலும் மத்தது நிக்காது. சேம்பர் இல்லாமயே ஆறியிருக்குமான்னா, ஆறியிருக்கலாம், 31ங்கற நம்பரப் பாத்தா எனக்குச் சந்தேகம், அம்புட்டுதான்.

ஆராய்ச்சியும் அப்பிடித்தான் ரெண்டு பக்கமும் பேசுது. 2010ல சுவீடன்ல 94 பேர வச்சு, யாரு ஆக்சிஜன்ல இருக்காங்க யாரு சாதாக் காத்துல இருக்காங்கன்னு நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாம செஞ்சதுல, ஒரு வருஷத்துல புண்ணு ஆறுனது ஆக்சிஜன் பக்கம் 52 சதவீதம், அந்தப் பக்கம் 29. 2016ல கனடாவுல செஞ்சதுல வித்தியாசமே தெரியல. 2018ல நெதர்லாந்துல ரத்த ஓட்டம் கொறஞ்ச 120 பேர வச்சு செஞ்சதுல கால் தப்புனது ஆக்சிஜன் பக்கம் 60ல 53, மத்த பக்கம் 60ல 47, இது தற்செயலாவும் வரலாம்ங்கற அளவு வித்தியாசம்தான். அதுல நான் கவனிச்சது வேற, ஆக்சிஜன் பக்கம் மூணுல ஒருத்தர் சொன்ன சிட்டிங்க முழுசா முடிக்கல. எனக்கு அது ஆச்சரியமில்ல. தெனம் காரைக்குடியில இருந்து மதுரைக்குப் புண்ணுக் காலோட பஸ்ஸுல வந்து போறது நடக்குற காரியமா? பெரியப்பச்சி மதுரையில எங்க வீட்டுல ஆறு வாரம் தங்குனாக, அதனாலதான் 30ம் முடிஞ்சுச்சு. தங்க எடமில்லாதவுக பத்துல நின்னுருவாங்க, நின்னுருக்காங்க, என் ரிஜிஸ்தர்ல அந்தப் பாதிப் பக்கங்கள் இருக்கு.

எல்லா நோய்க்கும் ஆக்சிஜன்னு சொல்றதும் புதுசில்ல. 1928ல அமெரிக்காவுல கிளீவ்லாண்டுல கன்னிங்ஹாம்னு ஒரு டாக்டர் அஞ்சு மாடி ஒசரத்துக்கு இரும்பு உருண்டை கட்டி, அதுக்குள்ள காத்த அமுக்கி சர்க்கரை, கேன்சர் எல்லாம் குணமாகும்னாரு, ஆதாரம் கேட்டதுக்குக் கொடுக்க முடியல, 1942ல அத ஒடச்சுப் பழைய இரும்பாக்கிட்டாங்க. இன்னிக்கு 1.3 ஏடிஏக்கு மேல ஏறாத துணிப்பை சேம்பர வச்சு முகப்பொலிவு, ஞாபகசக்தின்னு விக்கிறாங்க, அதையும் இந்த வைத்தியத்தையும் ஒண்ணா நெனச்சுராதீக. கார்பன் மோனாக்சைடு விஷம், ஆழத்துல இருந்து வேகமா மேல வந்த டைவருக்கு வர்ற வாதம், ரேடியேஷன்ல கெட்ட தாடை எலும்பு, இங்கல்லாம் சேம்பருக்குத் தெளிவான வேலை இருக்கு. சுகர் காலுக்கு வேலை இருக்கு, ஆனா ஆளப் பாத்து, ஓட்டத்த அளந்து, கடைசியா சேக்குற வேலை. யாராச்சும் காலத் தொட்டுப் பாக்காம பேக்கேஜ் ரேட் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. டிசிபிஓ2 எம்புட்டுன்னு கேளுங்க, இல்ல வெரல் பிரஷராச்சும் கேளுங்க.

அதுக்கப்பறம்

எம்சிஆர்ங்கற மெத்து ரப்பர் செருப்பு போட்டுத்தான் வீட்டுக்குள்ளயும் நடக்குறாக, எடது பக்கம் வெரல் போன எடத்துக்கு உள்ள மெத்தை வச்சு அளவெடுத்துத் தச்சது. பட்டாலையில செருப்போட நடக்குறது மொதல்ல அவுகளுக்கு ஒத்துக்கல, சாமி படம் இருக்குற எடம்னு. வீட்டுக்குள்ள போடுறதுக்குன்னே தனி ஜோடி தச்சுக் கொடுத்தோம், அது வாசப்படி தாண்டாது. அடுத்த தைப்பூசத்துக்கு நடக்கல, குன்றக்குடி வரைக்கும் கார்ல போயி காவடிய அனுப்பி வச்சுட்டு வந்தாக. அன்னிக்கு ராத்திரி போன்ல அவுக குரல் சரியில்ல, 22 வருஷம்டான்னாக.

பெரியாத்தாகிட்ட ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தேன், தெனம் ராத்திரி படுக்குறதுக்கு முந்தி ரெண்டு பாதத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, வெரல் இடுக்கு உட்பட. ஆவணி மாசம் ஒரு நா ராத்திரி ஒம்பதரைக்கு வாட்சப்புல போட்டோ வந்துச்சு, வலது குதிகால் ஓரத்துல உளுந்து அகலத்துக்குக் கொப்புளம், கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், தம்பி இது காலையில இல்லப்பா, இப்பத்தான் பாத்தேன். நடக்க விடாதீக, காலையில கூட்டிட்டு வாங்கன்னேன். மொத பஸ்ஸுக்கே வந்து எறங்கிட்டாக. நாடி பாத்தோம், டிசிபிஓ2 பாத்தோம், வலது காலு 52. ஒரு டிரெஸ்ஸிங், குதிகாலுக்குப் பாரம் படாம ஒரு செருப்பு, பன்னெண்டு நாள்ல காஞ்சு விழுந்துருச்சு. போறப்ப பெரியப்பச்சி சேம்பர் ரூம எட்டிப் பாத்து, இந்தத் தடவ இதுல படுக்க வேணாமாடான்னு கேட்டாக. வேணாம் பெரியப்பச்சி, இதுக்குத் தேவையில்லன்னேன்.